872ஆம் எண்

14, கால்வாய்த் தெரு, ஹெப்ளி
4 மார்ச் 2019

மதிப்பும் மரியாதையும் உள்ள (இரண்டையும் போடச் சொன்னார்கள், போட்டாயிற்று) திரு. ரோலண்ட் கிராஸ்லி அவர்களுக்கு,

நேற்று ஹெப்ளி ரக்பி லீக் கழகத்தின் மரபுப் பலகைத் திறப்பு விழாவில் நான் செய்த காரியத்துக்கு உங்களிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அதுவரை மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது, பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் அணியில் ஆடவும் கூடாது என்று நிர்வாகக் குழு சொல்லிவிட்டது. ஆகவே கேட்கிறேன். ஏணி ஏறிப் பலகையில் காகிதம் ஒட்டியதற்கு மன்னிக்கவும். நல்ல பசையாகப் பார்த்து வாங்கியதற்கும் மன்னிக்கவும். மேயரை நிற்கவைத்துவிட்டு நீங்கள் நான்கு நிமிடம் நகத்தால் சுரண்டியதை யாரோ படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். அது நானில்லை. ஆனாலும் மன்னிக்கவும்.

மன்னிப்பு முடிந்தது. இனி என் கேள்வி.

1896 முதல் நேற்று வரை ஹெப்ளிக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடியவருக்கும்கூட மரபு எண் உண்டு, முதன்முதலில் களம் இறங்கிய வரிசைப்படி, என்று மேடையில் சொன்னீர்கள். மொத்தம் 1190 பேர். கழக வரலாற்றாசிரியரான நீங்கள் ஒன்பது வருடம் உட்கார்ந்து தொகுத்தீர்கள். ஒரு ஆட்டம் ஆடிவிட்டு மறுநாள் கப்பலேறி ஆஸ்திரேலியா போனவருக்குக்கூட எண் இருக்கிறது. அப்படியென்றால் 1991 பிப்ரவரி 3ஆம் தேதி இடது ஓரத்தில் ஆடியவர் எங்கே? நீங்கள் எழுதிய கழக வரலாற்றுப் புத்தகத்திலேயே 212ஆம் பக்கத்தில் அவர் இருக்கிறார்: 'சோதனை ஆட்டக்காரர்'. பெயர் இல்லை. கடைசி இரண்டு நிமிடத்தில் பந்தோடு கோட்டைத் தாண்டி மூலையில் விழுந்து, நாலு புள்ளிக்கு ட்ரை போட்டு, 12-10 என்று தோற்கவிருந்த ஆட்டத்தை 14-12 என்று ஜெயித்துக் கொடுத்தவருக்குப் பெயர் இல்லை.

அவர் பெயர் எம்ரிஸ் ப்ரோபர்ட். என் அப்பா. நான் ஒட்டிய காகிதத்தில் இருந்ததும் அதுதான்: '872. எம்ரிஸ் ப்ரோபர்ட்'. அதற்கு அடியில் இருந்தது உங்கள் பெயர் என்பது என் குற்றமில்லை. 871க்கு அடுத்து அவர்தான் வரவேண்டும். அந்த இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்யட்டும்?

இப்படிக்கு,
மன்னிப்புக் கேட்டுவிட்ட
நெரிஸ் ப்ரோபர்ட்

*

ஹெப்ளி ரக்பி லீக் கழகம், வரலாற்று அறை
9 மார்ச் 2019

செல்வி ப்ரோபர்ட்டுக்கு,

உன் கடிதத்தை மன்னிப்பாக நான் ஏற்கவில்லை. குழுவுக்கும் அப்படியே எழுதிவிட்டேன்.

நீ அசிங்கப்படுத்தியது ஒரு பலகையை அல்ல. சுரங்கத்திலும் சாயப்பட்டறையிலும் வேலை செய்தவர்கள், சனிக்கிழமை அரைநாள் கூலியை விட்டு ஆட வருகிறோம், அந்தக் கூலியையாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். ரக்பி யூனியனை நடத்திய கனவான்கள் மறுத்தார்கள். அதனால்தான் 1895இல் இங்கிலாந்தின் வடக்கத்தி ஊர்க் கழகங்கள் யூனியனை விட்டுப் பிரிந்து இந்த ஆட்டத்தை உண்டாக்கின. அடுத்த வருடமே ஹெப்ளி சேர்ந்தது. 1911இல் மாவட்டக் கோப்பை. 1928இல் நாடு தழுவிய கோப்பை. அன்று பட்டறைச் சங்கை மூன்று மணி நேரம் நிறுத்தாமல் ஊதினார்கள். 1936இல் லீக் பட்டம். 1954 அரையிறுதியில் பதிமூன்று பேருக்குப் பதில் பதினொரு பேராக ஆடி ஜெயித்த அணி எங்களுடையது. எங்கள் பட்டப்பெயரான 'சாயக்காரர்கள்' என்றால் பக்கத்து மாவட்ட லங்காஷயர்க்காரன் இன்றும் தொப்பியைச் சரிசெய்து கொள்வான். அந்தப் பெயர்கள் முழுதும் ஏறிய பலகையின் மேல்தான் நீ பசை தடவினாய்.

இனி உன் கேள்வி. சோதனை ஆட்டக்காரர்கள் யார் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். யூனியனில் இருப்பவர் லீக் ஆட்டம் ஒன்றில் கால் வைத்தாலே அந்தக் காலத்தில் ஆயுள் தடை. அதனால் பெயர் சொல்லாமல் ஆடிப் பார்ப்பார்கள். எங்கள் வரலாற்றில் அப்படி நாற்பத்திரண்டு பேர். யார் யார் என்று ஊர் வாய் ஆயிரம் சொல்லும். அச்சில் வந்த ஆதாரம் இல்லாமல் எண் இல்லை என்பது விதி. உன் அப்பாவுக்காக நான் அந்த விதியைச் செய்யவில்லை. அவருக்காக மாற்றவும் மாட்டேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள். நடுவில் ஒருவரை நுழைத்தால் அவருக்குப் பின்னால் இருக்கும் முந்நூற்றுப் பத்தொன்பது பேரின் எண்ணும் மாறும். அவர்கள் சட்டைக் கழுத்தில் அந்த எண்ணைத் தைத்திருக்கிறார்கள். அணித் தலைவர் கேலம் டைசன் 1105 என்று கெண்டைக்காலில் பச்சையே குத்தியிருக்கிறார். அவரிடம் போய் நீ சொல்கிறாயா?

தயவு காட்டுவதென்றால் '871அ' என்று ஒரு வரி சேர்க்கலாம். அதற்கும் ஆதாரம் வேண்டும்.

கடைசியாக: இருபத்தாறு வருடமாக இதே ஊரில் இருக்கும் உன் அப்பா ஒருநாள்கூட இதைக் கேட்டதில்லை. நீ கேட்பது அவருக்குத் தெரியுமா?

ரோ. கிராஸ்லி

*

கால்வாய்த் தெரு
12 மார்ச் 2019

திரு. கிராஸ்லி அவர்களுக்கு,

தெரியாது. தெரிந்துவிட்டது. உங்கள் சுரண்டல் படத்தை 48ஆம் எண் பேருந்தில் யாரோ அப்பாவிடமே காட்டியிருக்கிறார்கள். அவர்தான் ஓட்டுநர்.

அன்றிரவு தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு, "அந்தப் பலகையில எம் பேரு வேணும்னு நான் எவன்கிட்டயாவது கேட்டேனா?" என்றார். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே திரும்பாமல் சொன்னாள், "அன்னைக்கே வாயத் தொறந்து கேட்டிருந்தா இன்னைக்குப் புள்ள ஏணி ஏறியிருக்க மாட்டா." அதோடு வீட்டில் ஒரு வாரமாக யாரும் யாரோடும் பேசுவதில்லை. நாய் மட்டும் எல்லோரோடும் பேசுகிறது.

எனக்கே போன அக்டோபரில்தான் தெரியும். வேல்ஸில் தாத்தாவின் அடக்கத்துக்குப் போனபோது அத்தை சொன்னாள். இருபது வயதில் அப்பா ஹெப்ளிக்குச் சோதனை ஆட வந்தார். ஒரு ஆட்டம் ஆடினார். இரண்டாவதற்கு முன் விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. ட்ரெவாலன் கிராமத்து யூனியன் கழகம் ஆயுள் தடை போட்டது. சொந்த ஊரில் சாராயக்கடை வாசலில்கூட அவரை நிற்க விடவில்லை. தடைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது கழகச் செயலாளர். கழகச் செயலாளர் என் தாத்தா. அப்பா தன் அப்பாவோடு அதற்குப் பிறகு பேசவே இல்லை. இந்த ஊர்க்காரியான என் அம்மாவுக்காகத்தான் 1993இல் இங்கே திரும்பி வந்தார்.

ஆட்ட நாளில் அவர் வண்டி எழுபது பேரை உங்கள் வாசலில் இறக்கிவிடும். எல்லார் கழுத்திலும் சிவப்புத் துண்டு. எல்லோரும் இறங்கியதும் கதவை மூடிக்கொண்டு போய்விடுவார். ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. நான் இதுவரை அது ஓட்டுநர் ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

'871அ' என்கிறீர்களே, என் அப்பா என்ன மாடிப் போர்ஷனா?

கனவான்கள் தொழிலாளியை ஆளாகவே மதிக்காததால் பிறந்த கழகம் என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அழகாக இருந்தது. என் அப்பா நிலக்கரி லாரியில் மூட்டை தூக்கியவர். இப்போது அவரை ஆளாக மதிக்காத கனவான் யார்?

அந்த ஆட்டத்துக்கு மறுநாள்தான் ஹெப்ளியைப் பக்கத்து ஊர்க் கழகத்தோடு இணைத்துவிடலாமா என்று உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். பதினாலு தோல்விக்குப் பிறகு வந்த அந்த ஒரு வெற்றிதான் வாக்கைத் திருப்பியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், 213ஆம் பக்கம். அந்த ட்ரை இல்லாவிட்டால் இன்று கழகமும் இல்லை, பலகையும் இல்லை, ஒட்ட இடமும் இல்லை.

ஒரு சின்ன விஷயம். உங்கள் புத்தகத்தில் ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் அன்று அச்சடித்து வாசலில் விற்ற ஆட்ட மலரின் அட்டைப் படம் இருக்கிறது. 1991 பிப்ரவரி 17க்கு மட்டும் இல்லை. அதாவது அப்பா இரண்டாவது முறை ஆட வேண்டியிருந்த நாள். அப்போது மலரின் ஆசிரியர் நீங்கள். எங்கே அந்த மலர்?

நெரிஸ்

*

வரலாற்று அறை
15 மார்ச் 2019

செல்வி ப்ரோபர்ட்டுக்கு,

அன்று அச்சு இயந்திரம் பழுது. மலர் வெளிவரவில்லை.

இந்தக் கடிதப் போக்குவரத்து இத்துடன் முடிகிறது. தடையைப் பற்றி இனி நீ குழுவோடு பேசிக்கொள்.

ரோ. கிராஸ்லி

*

கால்வாய்த் தெரு
26 மார்ச் 2019

கிராஸ்லி,

'திரு' தீர்ந்துவிட்டது.

அத்தையிடம் தாத்தாவின் மேசை இழுப்பறையைத் தேடச் சொன்னேன். நேற்று உறை வந்தது. உள்ளே தடைக் கடிதத்தின் நகல், தாத்தாவின் கையெழுத்தோடு. 'ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது' என்று கீழே ஒரு வரி. மூலையில் துருப்பிடித்த குண்டூசி. குண்டூசியில் உங்கள் பழுதான இயந்திரம் அச்சடித்த 1991 பிப்ரவரி 17 ஆட்ட மலரின் ஆறாம் பக்கம்.

அச்சில் வந்த ஆதாரம் கேட்டீர்கள். அச்சு வாசனைகூடப் போகவில்லை. படிக்கிறேன், கேளுங்கள்:

'சென்ற ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்த சோதனை ஆட்டக்காரரின் பெயர் வேண்டுமா? சொல்ல மாட்டோம், ரகசியம். ஆனால் ட்ரெவாலன் பக்கம் போகிறவர்கள் எம்ரிஸ் ப்ரோபர்ட் என்று உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். ஒரு பையன் திரும்பிப் பார்ப்பான், பிறகு ஓடிவிடுவான். பிடிக்க முடியாது. – ரோ. கி.'

ரோ. கி.

நானும் இந்த மாதிரி நக்கல் எழுதுகிறவள்தான். பள்ளியில் ஆறு தடவை தண்டனை வாங்கியிருக்கிறேன். அதனால் சொல்கிறேன், இது நல்ல நக்கல். படித்தவுடனே சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவர் யார் என்று உங்களுக்கு முதல் கடிதத்திலேயே தெரியும். பலகையில் காகிதத்தைச் சுரண்டியபோதே தெரியும். இருபத்தெட்டு வருடமாகத் தெரியும். அவருக்கு எண் இல்லை என்று எனக்குக் கழக முத்திரை போட்ட தாளில் எழுதினீர்கள். அவருடைய ஊரையும் அவருடைய அப்பாவையும் அவரிடமிருந்து பிடுங்கியது தடைக் கடிதம் இல்லை. உங்கள் நாலு வரி.

இன்னும் ஒன்று. பிப்ரவரி 17 அன்று இடது ஓரத்தில் அவருக்குப் பதிலாக இறங்கியவர் யார் என்று உங்கள் புத்தகத்தில் பார்த்தேன். 872ஆம் எண். ரோலண்ட் கிராஸ்லி. முதல் ஆட்டம், ஒரே ஆட்டம்.

சாயக்காரரே, சாயம் வெளுத்துவிட்டது.

தாளை நான் அனுப்ப மாட்டேன். உங்கள் கைக்குப் போகிற தாளெல்லாம் காணாமல் போகிறது. படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

வேண்டுமென்றே செய்தீர்களா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

நெ. ப்ரோபர்ட்

*

7, தேவாலயச் சந்து, ஹெப்ளி
2 ஏப்ரல் 2019

நெரிஸ்,

இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன். கழகத் தாளில் எழுத எனக்கு இனி உரிமை இல்லை.

அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு. வாரநாளில் இரண்டாம் அணியில் ஆடுவேன், ராத்திரி உட்கார்ந்து மலர் எழுதுவேன். அந்தப் பையன் மூலைக்கு ஓடியதை நான் வேலி ஓரம் நின்று பார்த்தேன். மூன்று பேர் அவன் மேல் இருந்தார்கள். அப்படி ஒரு ஓட்டத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் இல்லை. அதை ஊருக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. பெயர் வரக் கூடாது என்று அப்போதைய கழகத் தலைவர் எல்லோரையும் எச்சரித்திருந்தார். நான் கேட்கவில்லை. ஆட்டத்துக்கு அரைமணி நேரம் இருக்கும்போது அவர் மலரைப் பார்த்தார். மீதிப் பிரதிகளைக் கொதிகலனில் போட்டு எரித்தோம். முப்பதோ நாற்பதோ அதற்குள் போய்விட்டிருந்தன.

உன் அப்பா உடை மாற்றும் அறையில் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். யாரோ அவர் கையில் ஒரு பிரதியைக் கொடுத்தார்கள். படித்தார். கயிற்றை அவிழ்த்தார். "எம் பேரக் காப்பாத்தத் தெரியாத எடத்துல நான் ஆட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தார். ஊருக்குப் போய்க் கெஞ்சிப் பார்க்கலாம் என்று நினைத்திருப்பார். தலைவர் பிறகு இரண்டு தடவை கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. அன்று அவர் கழற்றி வைத்த சட்டையை என்னிடம் கொடுத்தார்கள். பதினோராவது நிமிடத்தில் என் தோள் எலும்பு முறிந்தது. ஹெப்ளிக்காக என் மொத்த ஆட்டம் அந்தப் பதினோரு நிமிடம்தான்.

உன் கேள்விக்கு வருகிறேன். சிரிப்புக்காக எழுதினேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மை. அவர் ஆடாவிட்டால் அடுத்தது நான்தான் என்பதும் எழுதும்போது எனக்குத் தெரியும். அதுவும் உண்மை. எது முன்னால், எது பின்னால் என்று இத்தனை வருடமாகப் பிரித்துப் பார்க்கிறேன். முடியவில்லை.

1995இல் யூனியனே கூலி வாங்கிக்கொண்டு ஆடலாம் என்று சட்டத்தை மாற்றியபோது உங்கள் வீட்டு வாசல்வரை வந்தேன். உன் அப்பா வேலிக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் வண்டியில் நான் ஏறியதே இல்லை. மழையிலும் நடக்கிறேன்.

குழுவுக்கு எழுதிவிட்டேன். உன் படத்தையும் இணைத்தேன். வரலாற்றாசிரியர் பொறுப்பை விட்டு விலகிவிட்டேன். 872 உன் அப்பாவுடையது. நான் பட்டியலை விட்டு விலகினால் வேறு யாருடைய எண்ணும் மாற வேண்டாம். நீ ஒட்டிய காகிதம் பாதிதான் கிழிந்திருக்கிறது. வர்ணக்காரர் வரும்வரை அதைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். உன் தடையும் நீங்கியது. ஞாயிற்றுக்கிழமை நீ ஆடலாம்.

ரோலண்ட் கிராஸ்லி

*

கால்வாய்த் தெரு
16 ஏப்ரல் 2019

திரு. கிராஸ்லி அவர்களுக்கு,

'திரு' திரும்பி வந்திருக்கிறது. 'அன்புள்ள' வரவில்லை, எதிர்பார்க்காதீர்கள்.

எல்லாக் கடிதங்களையும் அப்பாவிடம் கொடுத்தேன். சீருடையைக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்து உங்களுடைய கடைசிக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். குண்டூசித் தாளை ஒரு தடவை. தாத்தாவின் கையெழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அம்மா அடுப்பை அணைத்தாள்.

பிறகு, "பதினோரு நிமிஷமா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"தோளு எலும்பா?"

ஆமாம், நல்லா வேண்டும் என்றேன். அவர் முறைத்தார். அவன் பேரை அழிக்கக் கூடாது என்றார்.

கத்தினேன். மன்னித்துவிட்டீர்களா, எப்படி முடிகிறது, எனக்கு முடியவில்லை என்று கத்தினேன். அவரும் கத்தினார். என் வாழ்நாளில் முதல் தடவை. "எவன் மன்னிச்சான்? அந்த ஆள் வண்டியில ஏறினா இன்னைக்கும் எறக்கிவிட்ருவேன். ஆனா ஆடினவன ஆடலேன்னு எழுதுறதுதான் எனக்கு நடந்துச்சு. அதையே எம் பேர்ல இன்னொருத்தனுக்கு நடத்தச் சொல்றியா?"

அப்போ உங்களுக்கு எண்ணே வேண்டாமா என்று கேட்டேன்.

"வேணும்" என்றார். மேசையைப் பார்த்துக்கொண்டே, "இருபத்தெட்டு வருஷமா வேணும்."

பிறகு அவர் ஓட்டுநர் குரலில் சொன்னார்: "வண்டி நெறஞ்சிருக்கு, வாசல்ல ஒருத்தன் நிக்கிறான். நான் என்ன சொல்லுவேன்? எறங்குன்னு ஒருத்தன எறக்குவேனா? உள்ள தள்ளிப் போங்கப்பான்னுதான் சொல்லுவேன். முந்நூத்திப் பத்தொம்பது பேரும் ஒரு அடி தள்ளி நிக்கட்டும்."

ஆகவே: 872 எம்ரிஸ் ப்ரோபர்ட். 873 ரோலண்ட் கிராஸ்லி. அப்படியே 1191 வரை. விலகுவதெல்லாம் நடக்காது. பெருந்தன்மையாக வெளியே போய் நிற்கலாம் என்று பார்த்தீர்கள். முடியாது. அவருக்கு அடுத்த இடத்தில், எல்லோரும் பார்க்க, நீங்கள் நின்றே ஆக வேண்டும்.

கேலம் டைசனிடம் போய் நீ சொல்கிறாயா என்று மிரட்டினீர்களே. பயிற்சி முடிந்து வந்தவரிடம் சொன்னேன். கெண்டைக்காலைத் திருப்பிப் பார்த்தார். "1105ஐ 1106 ஆக்கணும், அவ்வளவுதானே? அஞ்சோட வால வளச்சு மூடினா ஆறு. இதுக்கா இத்தன கடுதாசி?" என்று கேட்டுவிட்டுச் சிப்ஸ் வாங்கப் போய்விட்டார்.

அப்பாவுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. 28ஆம் தேதி ஆட்ட மலரில் அந்த நாலு வரியும் மறுபடி அச்சாக வேண்டும், ஒரு எழுத்து மாறாமல். கீழே இந்தத் தடவை 'ரோ. கி.' என்று ஒளிந்துகொள்ளக் கூடாது. முழுப் பெயர்.

பலகையில் எண்களை மாற்றி எழுதும் வேலையைக் குழு எனக்குத் தண்டனையாகக் கொடுத்திருக்கிறது. ஏணி பிடிக்க ஆள் வேண்டுமா என்று கேட்டார்கள். உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை பத்து மணி.

பத்து இருபதுக்கு 48 மைதான வாசலுக்கு வரும். எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகு ஐந்து நிமிடம் நிற்குமாம். ஓட்டுநரும் இறங்குவாராம். உங்களோடு பேச மாட்டார், அதை முன்கூட்டியே சொல்லச் சொன்னார். பலகையைத்தான் பார்க்க வருகிறார்.

அந்த நேரத்தில் நான் 872இன் மேல் இருப்பேன், நீங்கள் எனக்குக் கீழே. எனக்கு இன்னும் கோபம் போகவில்லை, கையும் ஆடும். ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நெரிஸ் ப்ரோபர்ட்
(872இன் மகள்)